தரமும் செவியும்

இம்மலருக்கு யாதாயினும் எழுதித் தருக என மலர்க்குழுவினர் கேட்டபொழுது, பழைய மாணவர் பலரும் செய்வதுபோலக் கல்லூரியின் பழைய மண்டபத்தையும் வேப்பமர நிழலையும் ஆசிரியர்தம் பிரம்பையும் நினைந்து நாலு பக்கம் நிரப்பிவிடலாமென்றே முதலில் எண்ணினேன். அத்தகைய கட்டுரைகள் இம்மலரில் வேறும் பல வருமாகையால், அவற்றை என்னினும் நன்றாக எழுதவல்லார்க்கு விட்டுவிட்டு, இன்றைய பிள்ளைகளைப் பற்றிய ஒரு விடயத்தை அன்பர்கள் முன் வைக்கத் துணிகின்றேன். அது சங்கீதத் தரப் பரீட்சை பற்றியது. நான் சங்கீத வித்துவான் அல்லேன். கொடிகாமத்திற் பிறந்து, நாடோறும் புகையிரதத்தில் வந்து இக்கல்லூரியிற் படித்து, அரசாங்க எழுதுவினைஞனாய் உழைத்து இளைப்பாறியவன். பாட்டுக் கேட்பேன், தாளம் பிசகினால் எனக்குத் தெரியும், என் தகுதி அவ்வளவே.

சனிக்கிழமை காலையில் எங்கள் ஒழுங்கையால் நடப்பவர், சந்தைக்குத் தேங்காயும் பலாப்பழமும் ஏற்றிச் செல்லும் வண்டிகளின் இரைச்சலுக்கிடையே, மூன்று நான்கு வீடுகளிலிருந்து ஒரே கீதம் வெவ்வேறு சுருதியில் எழுவதைக் கேட்கலாம். பரீட்சை அண்மித்துவிட்டால் அந்த ஒலி இரட்டிக்கும். பெற்றோர் அதனை மகிழ்ச்சியோடு கேட்டிருப்பர். நானும் மகிழ்ந்துதான் கேட்டிருந்தேன், சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவம் வரையில்.

கனடாவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் எங்கள் வீட்டிற் பகலுணவு உண்டு, திண்ணையில் அமர்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே, என் மகனுடைய மகளை அழைத்து, "பிள்ளை, ஒரு பாட்டுப் பாடுமன் கேப்பம்" என்றார். அவள் மூன்றாந் தரம் சித்தியடைந்து நான்காந் தரத்துக்கு ஆயத்தஞ் செய்பவள். கூச்சமின்றி வந்து நின்றாள். பின்பு என் பக்கம் திரும்பி, "எத்தினையாம் கிறேட் பாட்டு வேணும், அப்பப்பா?" என்று கேட்டாள். வந்தவர் சிரித்தார், நானும் சிரித்தேன். அவள் உள்ளே ஓடிச் சென்று கொப்பியை எடுத்து வந்து, அதைப் பார்த்துப் பிழையின்றிப் பாடினாள். சிரிப்பு அடங்கிய பின்னரும் அவளுடைய கேள்வி எனக்கு அடங்கவில்லை. அக்குழந்தைக்குப் பாட்டு என்பது ஒரு தரத்துக்கு உரிய பொருளாகிவிட்டது. தனக்கு உரிய பொருளாகவில்லை.

இதனைக் கொண்டு நான் பரீட்சையைப் பழிக்கப் போகின்றேன் என்று எவரும் எண்ணற்க. பரீட்சைகள் கலையைக் கெடுத்துவிட்டன என்று சொல்லிவிடுவது எளிது. ஆண்டுதோறும் எவராவது ஒருவர் ஏதேனும் ஒரு மேடையில் அதனைச் சொல்லிக் கைதட்டல் பெறுகின்றார். அவர்கள் எங்கள் நாட்டில் பரீட்சை வருமுன் இருந்த நிலையை மறந்தவர்கள்.

வட இலங்கைச் சங்கீத சபை நிறுவப்பட்டது 1931ஆம் ஆண்டில். அதற்கு முன் யாழ்ப்பாணத்திற் சங்கீதம் இல்லாமலில்லை. கோயில்தோறும் நாதசுரமும் தவிலும் முழங்கின. அண்ணாவிமார் நாட்டுக் கூத்துக்குப் பாட்டுப் பழக்கினர். தமிழகத்திலிருந்து பாகவதர்களும் நாடகக் குழுவினரும் வந்து போயினர். ஆயின் அவ்வித்தை ஒருசில குடும்பங்களுக்குள்ளேயே தந்தை மைந்தன் என்ற வழியிற் சென்றது. மற்றைய வீடுகளிற் பெண்பிள்ளைகள் தேவாரம் பாடலாம். சங்கீதம் படிக்கலாகாது என்பது எழுதாத சட்டமாயிருந்தது. ஆண்பிள்ளை படித்தாலோ, "உத்தியோகத்துக்கு உதவுமோ?" என்பர். இந்த இரண்டு கதவுகளையும் திறந்தது பரீட்சையே என்பது என் துணிபு. பரீட்சை என்ற சொல்லுக்கு யாழ்ப்பாணத்தான் கொடுக்கும் மரியாதை வேறொன்றுக்குங் கொடான். ஆட்டத்தையும் பாட்டையும் ஏளனஞ் செய்த அதே தகப்பன், சுட்டெண்ணும் சான்றிதழும் உண்டு என்றறிந்தவுடன் மகளைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றான். இதனை வேடிக்கையாகச் சொல்கின்றேனாயினும் பொய்யாகச் சொல்லவில்லை.

வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் என்று துறைதுறையாக, ஒன்றாந் தரம் முதற் படிப்படியாகச் சென்று, ஆறாவதாகிய ஆசிரியர் தரத்தில் முடிவது சபையின் ஒழுங்கு. அம்முடிவிற் சித்தியடைந்தோர் கலாவித்தகர் எனப்படுவர். செய்முறையும் உண்டு, எழுத்துமுறையும் உண்டு. அண்ணாமலை அரசர் 1929ஆம் ஆண்டிற் சிதம்பரத்தில் தொடங்கிய இசைக் கல்லூரிக்குச் சென்று சங்கீதபூஷணம் பெற்று வருவதற்கு எத்தனை குடும்பங்களுக்கு வசதி இருந்திருக்கும்? மருதனார்மடத்தில் இராமநாதன் அக்கடமி 1960ஆம் ஆண்டிலேதான் தோன்றியது. இடைப்பட்ட காலத்திலும் பின்னரும், கிராமத்துப் பிள்ளை தன் கிராமத்திலிருந்தபடியே ஒரு முறையான கல்வியைப் பெறத் துணைநின்றவை இத்தரப் பரீட்சைகளே. ஆசிரியர் தரச் சான்றிதழைக் கொண்டு பாடசாலைகளில் நியமனம் பெற்றுச் சொந்தக் காலில் நின்ற பெண்கள் பலர். என் தங்கையும் அவர்களுள் ஒருத்தி. கொடிகாமத்திலிருந்து அவள் முதற் பரீட்சைக்குப் புறப்பட்ட காலை எனக்கு நன்றாக நினைவிருக்கின்றது. அம்மா அவளுக்குத் தேனும் மிளகும் கொடுத்தார். புகையிரதம் சங்கத்தானையைத் தாண்டும் வரையிற் சரளி வரிசையை முணுமுணுத்துக்கொண்டிருந்தவள், நாவற்குழிப் பாலத்தில் ஏறியதும் எல்லாம் மறந்துவிட்டதென்று அழத் தொடங்கினாள். மறக்கவில்லை, சித்தியடைந்தாள்.

ஆகவே பரீட்சை வேண்டும். பிள்ளையை ஒருநாளும் கண்டிராத ஒருவர் வந்து அமர்ந்து, உறவும் முகமும் பாராது, அப்பிள்ளையின் பாட்டைக் காதாற் கேட்டுத் தீர்ப்புச் சொல்லுகிறார் என்பது, புகழ்ச்சியும் இகழ்ச்சியும் உறவு பார்த்து வழங்கும் நம் ஊர்களிற் சிறிய நன்மையன்று. என் வினா வேறு. அந்தக் காதுடைய பரீட்சகர் முன்னிலையிற் பிள்ளையின் காதும் சோதிக்கப்படுகின்றதா, அன்றி நாவும் நினைவும் மாத்திரமா?

இவ்வினா எனக்குத் தோன்றியது கொழும்பில். என் மகள் வெள்ளவத்தையில் வாழ்கின்றாள். அவளுடைய மகள் பியானோ பழகுகின்றாள். இலண்டன் சபையின் முதலாந் தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். நான் போயிருந்த ஒருநாட் காலையிற் பாண் விற்கும் ஓட்டோ தன் வழக்கமான இசையை ஒலித்தவாறு வீதியால் வந்தது. அவ்விசை பீதோவன் என்னும் ஜேர்மானிய மேதை எலீசு என்ற பெண்ணின் பெயரால் இயற்றிய பியானோ உருப்படி என்பதும், அதனை நாடெங்கும் பாணுக்கு அறிகுறியாக்கிவிட்டார்கள் என்பதும் அன்பர்கள் அறிந்ததே. சிறுமி பாணுக்கு ஓடவில்லை. மேசையில் விரலாற் தட்டி, "மூன்று, அம்மப்பா, மூன்று" என்றாள். எதை எண்ணுகிறாய் என்றேன். அது மும்மூன்று எண்ணிக்கையிற் செல்லும் தாளம் என்று விளக்கிவிட்டு, முதல் அடியை அப்படியே திரும்பப் பாடியும் காட்டினாள். யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன். பரீட்சையில் உண்டாம்.

பின்னர் அவளுடைய ஆசிரியையிடம் விசாரித்தேன். இலண்டனில் றோயல் அக்கடமியும் றோயல் கல்லூரியும் கூடி 1889ஆம் ஆண்டில் அமைத்த பரீட்சைச் சபை அது. அதற்கு முன்னரே 1877ஆம் ஆண்டில் டிரினிற்றிச் சங்கீதக் கல்லூரி வெளி மாணவர்க்குப் பரீட்சை வைக்கத் தொடங்கியிருந்தது. எட்டுத் தரங்கள். பியானோச் செய்முறைக்கு மொத்தம் 150 புள்ளி. மூன்று உருப்படிகளுக்கு முப்பது முப்பதாக 90. சுர வரிசைகளுக்கு 21. முன்பின் பாராத சுர எழுத்தைப் பார்த்தவுடன் வாசிப்பதற்கு 21. எஞ்சிய 18 புள்ளியும் செவிக்கு. 100 பெற்றாற் சித்தி, 120 பெற்றால் அடுத்த சிறப்பு, 130 பெற்றால் அதிவிசேடம். அந்தப் பதினெட்டுப் புள்ளிக்காக முதலாந் தரத்துக் குழந்தை என்ன செய்யவேண்டும் தெரியுமா? பரீட்சகர் பியானோவில் ஒரு பகுதியை வாசிப்பார்; குழந்தை அதன் நடைக்குக் கைதட்டி, இரண்டிற் செல்கின்றதா மூன்றிற் செல்கின்றதா என்று சொல்லவேண்டும். சிறுசிறு அடிகளாக மூன்று வாசிப்பார். குழந்தை ஒவ்வொன்றையும் எதிரொலிபோலத் திரும்பப் பாடவேண்டும். ஓர் அடியை இருமுறை வாசித்து, இரண்டாம் முறை ஒரு சுரத்தை மாற்றிவிடுவார். மாற்றம் தொடக்கத்திலா ஈற்றிலா என்று குழந்தை கண்டு சொல்லவேண்டும். தான் பாடியே பழகாத, பியானோ மாத்திரம் பழகும் குழந்தையும் வாய்திறந்து பாடியே ஆகவேண்டும். குரல் இனிமைக்குப் புள்ளி இல்லை; சரியாகக் கேட்டதா என்பதற்கே புள்ளி.

இதனைக் கேட்டபொழுது எனக்கு வியப்பும் சற்றே வெட்கமும் உண்டாயின. ஐரோப்பிய சங்கீதம் ஏட்டைச் சார்ந்தது. இயற்றியவர் எழுதிவைத்ததை எழுதியபடியே வாசிப்பது அவர் மரபு. நம்முடையதோ செவிவழி வந்த வித்தை. குரு பாட, சீடன் கேட்டுப் பாடுவது. கமகத்தை எந்த எழுத்திலும் முழுமையாக எழுதிவிட முடியாதென்பதை யாவரும் ஒப்புவர். பியானோவின் கட்டைகளுக்கு அது வாய்க்கவே வாய்க்காது. அங்ஙனமிருக்க, ஏட்டு வித்தையைப் பயில்வோர் தம் பிள்ளைகளின் காதைச் சோதிக்கின்றனர். காது வித்தையைப் பயிலும் நாமோ நம் பிள்ளைகளின் கொப்பியைச் சோதித்துக்கொண்டிருக்கிறோம்.

சபையின் பாடத்திட்டத்திற் குறை காண்பது என் நோக்கமன்று. மேற்றரங்களில் இராக ஆலாபனமும் கற்பனைச் சுரமும் பாடவேண்டியுள்ளது; அவை காது இல்லாமல் வாரா. கேள்வியிலுள்ளதினும் பெரிய குறை நம் வீடுகளில் அதற்கு ஆயத்தஞ் செய்யும் முறையில் இருக்கின்றது. பரீட்சைக்கு நாலு மாதம் இருக்கையில் உருப்படிகள் எழுதிக் கொடுக்கப்படுகின்றன. ஆசிரியை பாடியதைக் கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்து, பிள்ளை அதனையே போட்டுப்போட்டுக் கூடப் பாடுகின்றது. ஒலிப்பதிவு நின்றால் பாட்டும் நிற்கின்றது. எழுத்துப் பரீட்சைக்கு இராக இலட்சணம் மனனஞ் செய்யப்படுகின்றது. மோகனம் 28ஆவது மேளமாகிய அரிகாம்போதியிற் பிறந்தது, மத்திமமும் நிஷாதமும் வர்ச்சியம், ஔடவ ஔடவம் என்று ஓர் எழுத்துப் பிழையின்றி எழுதிய பிள்ளைக்கு, அன்று மாலை வானொலியில் மோகனம் பாடப்பட்டபொழுது அது மோகனமென்று தெரியவில்லை. என் பேர்த்தியைத்தான் சொல்கின்றேன். அயலார் பிள்ளையைச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

இதற்குச் சங்கீத ஆசிரியைகளைக் கடிந்து பயனில்லை. எத்தனை பிள்ளைகள் சித்தியடைந்தனர் என்றுதான் பெற்றோர் அவர்களைக் கேட்கின்றனர். ஒரு வருடம் முழுவதும் ஓர் இராகத்தைக் கேட்கவும் பாடவும் பழக்கினேன் என்று ஓர் ஆசிரியை சொன்னால், அடுத்த மாதம் அவ்வீட்டுப் பிள்ளை வேறோர் ஆசிரியையிடம் போய்விடும். ஆண்டுக்கு ஒரு தரம் ஏறாவிட்டாற் பிள்ளை பின்தங்கிவிட்டது என்கிறோம். அதற்கிடையில் சாதாரண தரப் பரீட்சை வந்துவிடும். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் தனிவகுப்பு. ஐந்தாந் தரத்தோடு வீணை உறைக்குள்ளே போய்விடும். ஆண்பிள்ளைகள் இரண்டாந் தரத்தைத் தாண்டுவதே அருமை. இது நம் வீடுகளின் கதை. இலண்டனிலும் டொரன்றோவிலும் வாழும் நம்மவர் வீடுகளிலும் பெரிதும் வேறன்று என்று அங்கிருந்து வருவோர் சொல்கின்றனர். பிரித்தானியாவில் ஆறாந் தரம் முதலான சங்கீதச் சித்திகளைப் பல்கலைக்கழக அனுமதிப் புள்ளியிற் சேர்த்துக் கொள்ளும் முறையும் உண்டாகையால், ஏணி ஏறும் ஆசை எமக்கு மாத்திரம் உரியதன்று.

படிப்படியாகக் கற்பித்தல் என்பதும் வெள்ளைக்காரன் தந்ததன்று. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், சுரசதி, வர்ணம், கீர்த்தனம் என்னும் ஒழுங்கைப் பதினாறாம் நூற்றாண்டிலிருந்த புரந்தரதாசர் வகுத்தார் என்பர். மாயாமாளவகௌளையில் தொடங்கியதற்கும் காரணம் உண்டு. அதன் முன்பாதியிலும் பின்பாதியிலும் சுரங்களின் இடைவெளி ஒரே அளவாய் அமைந்திருத்தலால், ச முதல் ம வரை சரியாகப் பிடித்த செவி, ப முதல் மேற்சட்சம் வரையும் அதே வழியிற் போகலாம். செவியை மனத்திற் கொண்டு வகுத்த ஏணி அது. ஒவ்வொரு படியிலும் குருவே பரீட்சகர். அவர் தலையசைத்தாலன்றி மேற்படி இல்லை. அத்தலையசைப்பு மூன்று மாதத்திலும் கிடைக்கலாம், மூன்று வருடத்திலும் கிடைக்கலாம்.

நான் சிறுவனாயிருக்கையில் எங்கள் ஊரிற் சங்கீதம் படிப்பித்த பெரியவர் ஒருவர், ஆர்மோனியத்தைப் பிள்ளைகளுக்குப் பின்புறமாக வைத்துக்கொண்டு அமர்வார். முன்னால் வைத்தாற் கட்டையைப் பார்த்துச் சுரஞ் சொல்லிவிடுவார்களாம். ஒரு கட்டையை அழுத்தி, "என்ன?" என்பார். காந்தாரம் என்று ஒருவன் சொல்ல, "எந்தக் காந்தாரம்?" என்பார். அதற்குப் பின் அறையில் மூச்சுவிடுஞ் சத்தமும் இராது. என் தங்கை அவரிடம் படித்தவள். நான் அவளைக் கூட்டிச் செல்லப் போய் வாயிலில் நின்று படித்தவன். சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் உள்ள வேற்றுமையை இன்றும் நான் அறிவது அவ்வாயிற் படியிற் கிடைத்த பிச்சை.

திருவிழாக் காலத்திற் பெரியோர் எங்களை மாட்டுவண்டியில் ஏற்றிக் கோயில்களுக்குக் கொண்டு செல்வர். அளவெட்டித் தட்சிணாமூர்த்தியின் தவிலை நான் கேட்டது அவ்வாறே. 1933இற் பிறந்து 1975இல், நாற்பத்திரண்டு வயதளவிலே மறைந்த அம்மேதை, தமிழகத்துப் பெருவித்துவான்களும் தேடிவந்து உடன் வாசிக்க விரும்பும் நிலையில் இருந்தவர். கணக்குப் புரியாத கமக்காரரும் வீதி மண்ணில் அமர்ந்து கையால் எண்ணி, தீர்மானம் சமத்தில் வந்து விழும்பொழுது ஒருங்கே தலையசைப்பர். அவர்களில் ஒருவரும் ஒன்றாந் தரமும் சித்தியெய்தியவர் அல்லர். அச்செவிகள் எங்கேயிருந்து வந்தன? இரவிரவாகக் கேட்டதனால் வந்தன. இன்று பிள்ளைகளுக்கு அத்தகைய இரவுகள் அருமை. இயல்பாகக் கிடைத்தது கிடையாமற் போகுங்காலத்தில், அதனை முறையாகக் கற்பிக்க வேண்டிய கடமை வந்து சேருகின்றது. இதுவே நான் சொல்லவந்ததன் சாரம்.

என் கூற்றுக்கு வேறொரு சான்றும் உண்டு. 2000ஆம் ஆண்டு சித்திரையில் ஆனையிறவு வீழ்ந்தபின் போர் தென்மராட்சிக்குள் வந்தது. வைகாசியில் நாங்கள் எல்லாரும் புறப்பட்டோம். என் தங்கை சான்றிதழ்களைக் கோவையோடு எடுத்துக்கொண்டாள். வீணையை எடுக்க வழியில்லை. சைக்கிளில் வீணையைக் கட்டினால் அம்மாவை எங்கே ஏற்றுவது? கட்டிலின் மேல் அதனைக் கிடத்தி, வெள்ளைச் சேலையொன்றாற் போர்த்துவிட்டு வந்தாள். வடமராட்சியில் உறவினர் வீட்டு விறாந்தையில் ஏறக்குறைய இரண்டு வருடம் கழிந்தது. மாலை வேளைகளில் அயலிலும் இடம்பெயர்ந்தும் இருந்த பிள்ளைகள் ஏழெட்டுப்பேர் அவளிடம் வருவர். கொப்பி இல்லை, சுருதிப்பெட்டி இல்லை, மின்சாரமும் இல்லை. இருட்டில் அவள் ஓர் அடி பாடுவாள். அவர்கள் திருப்பிப் பாடுவர். ஒருவன் பாடியதில் என்ன பிழை என்று மற்றவனைக் கேட்பாள். ஒரு கீதத்துக்கு மூன்று வாரம் சென்றது. ஆயினும் அக்கீதத்தை அப்பிள்ளைகள் எந்தச் சுருதியிற் கொடுத்தாலும் பாடினர். இடையில் நிறுத்தி மறுபடி எடு என்றால் அவ்விடத்திலிருந்தே எடுத்தனர். சுரத்தை அகாரமாகவும் அகாரத்தைச் சுரமாகவும் மாற்றினர். தன் முப்பது வருடப் படிப்பித்தலில் அதுபோல வகுப்பு வாய்த்ததில்லை என்று அவள் இன்றும் சொல்லுவாள். 2002இல் நாங்கள் கொடிகாமத்துக்குத் திரும்பியபொழுது, சுவர்கள் நின்றன. கூரையும் இல்லை, கட்டிலும் இல்லை, வீணையும் இல்லை. கோவையிலிருந்த சான்றிதழ்கள் ஓய்வூதியத்துக்கு உதவின. அதனையும் நன்றியோடு சொல்லவேண்டும்.

வெள்ளவத்தையிலிருந்து நான் திரும்பிய வாரம், என் தங்கையும் நானுமாக எங்கள் பேர்த்தியிடம் அப்பழைய முறையைத் தொடங்கினோம். எங்கள் ஒழுங்கைக்கும் அதே பாண் ஓட்டோ வருகின்றது. அவ்விசையின் முதல் அடிக்குச் சுரஞ் சொல் என்றோம். முதல் நாள், "அது எங்கட சிலபசில இல்லை" என்றாள். ஒரு வாரம் சென்றபின் சட்சம் எது என்று பிடித்தாள். அதுதான் வழியில் கடினமான படி. அடி இறங்கி ஓயும் இடமே சட்சம் என்று கொண்டாள். பின்னர் ஒவ்வொன்றாக, பஞ்சமம், பிரதிமத்திமம், பஞ்சமம், பிரதிமத்திமம், பஞ்சமம், அதன்பின் ரிஷபத்துக்கு ஒரு பாய்ச்சல், சுத்தமத்திமம், சாதாரண காந்தாரம், சட்சம் என்று கண்டெடுத்தாள். இரண்டு மத்திமமும் ஒரே அடியில் வருகின்றனவே, 72 மேளத்தில் இது எங்கே சேரும் என்று தங்கையிடம் வாதாடத் தொடங்கினாள். பிரதி மத்திமத்துக்கு முப்பத்தாறு, சுத்த மத்திமத்துக்கு முப்பத்தாறு என்று அவள் எழுதி எழுதி மனனஞ் செய்த வாய்பாடு, அன்றைக்குத்தான் அவளுக்குப் பொருளாயிற்று.

சிலர் இதற்கு மறுப்புக் கூறுவர். காதைச் சோதித்தாற் பாதிப் பிள்ளைகள் தவறிவிடுவர், பெற்றோர் மனமுடைவர் என்பது ஒன்று. இலண்டன் சபையின் முறையில் ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியே சித்தியடைய வேண்டியதில்லை. மொத்தத்தில் 100 வந்தாற் போதும். காது மந்தமான பிள்ளை உருப்படியில் ஈடுசெய்யலாம். தவறவைப்பதன்று நோக்கம், பதினெட்டுப் புள்ளிக்காகவேனும் வீட்டில் ஒருவர் பிள்ளையைக் கேட்கப் பழக்குவார் என்பதே. எந்தப் பகுதிக்குப் புள்ளி உண்டோ அந்தப் பகுதியைத்தான் நாம் படிப்பிப்போம் என்பது, நம் குணத்தை அறிந்தவர்க்கு நான் சொல்லித் தெரியவேண்டுவதன்று. செவி பிறவியில் வருவது, கற்பிக்க முடியாதது என்பது மற்றொரு மறுப்பு. விறாந்தையிலிருந்த ஏழெட்டுப் பிள்ளைகளையும் எவரும் பொறுக்கி எடுத்துத் தரவில்லை. போர் துரத்திய திக்கிலே வந்தவர்கள் அவர்கள். நேரமில்லை என்பது மூன்றாவது; இது மாத்திரம் உண்மை. நாற்பது பிள்ளைகளைக் கொண்ட பாடசாலை வகுப்பில் ஓர் ஆசிரியை ஒவ்வொரு செவியாகத் திருத்த இயலாது. ஆனால் ஒருவன் பாட மற்றவன் பிழை பிடிப்பதற்கு ஆசிரியை வேண்டுவதில்லை. பிழை பிடிப்பதிற் பிள்ளைகளுக்கு உள்ள ஊக்கமும் பெரிது.

பரீட்சைச் சபைகள் பாடத்திட்டத்தை மாற்றும்வரை காத்திருக்கவேண்டியதில்லை என்று கருதுகின்றேன். அது பெரியோர் கூடி ஆராயவேண்டிய காரியம், காலம் எடுக்கும். நம் கல்லூரியிற் சங்கீதம் படிக்கும் மாணவர் இருக்கின்றனர். அவர்களுட் பெரும்பாலோர் தரப் பரீட்சைக்கும் தோற்றுகின்றனர். செவ்வாய் தோறும் பாடசாலை விட்டபின் ஒரு மணிநேரம், கொப்பியும் கைத்தொலைபேசியுமின்றி, பிரார்த்தனை மண்டபத்தில் அவர்களை அமரவைத்தாற் போதும். முதற் பதினைந்து நிமிடம் சுருதியோடு நிற்றல், பின்பு எதிரொலி, பின்பு இராகங் கண்டுபிடித்தல். புள்ளி போடவும் வேண்டாம், சான்றிதழ் அச்சடிக்கவும் வேண்டாம். தரமேறாத ஆண்பிள்ளைகளும், பாட வராதென்று தம்மைத் தாமே ஒதுக்கிக்கொண்டோரும் வந்தமரலாம். பழைய மாணவர் சங்கத்திடம் பணங் கேட்கவில்லை. என் தங்கை வரச் சம்மதித்திருக்கின்றாள். அவளுக்கு வயது எழுபதைத் தாண்டியமையால், கொடிகாமத்திலிருந்து கூட்டி வந்து திரும்பக் கொண்டுபோய் விடுவதற்கு ஓர் ஓட்டோ மாத்திரம் ஒழுங்கு செய்தல் வேண்டும். ஆர்மோனியம் என் வீட்டில் இருக்கின்றது. ஒரு கட்டை சற்று இறங்கியுள்ளதாயினும் அதனைத் தை மாதத்துக்குள் திருத்துவித்துத் தருவேன். அதிபர் அவர்கள் இசைவு தந்து, மண்டபத்தின் திறப்பு யாரிடம் இருக்கும் என்பதையும் அறிவித்தாராயின், முதலாந் தவணையின் இரண்டாங் கிழமையிலிருந்தே தொடங்கலாம்.